குற்றாலச் சாரலும் ஸ்டீராய்டு மாத்திரையும்

இதயத்தின் தசை, உறை, வால்வுகளில் அழற்சி வரும்போது அதை அடக்கப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தரப்படுவதுண்டு. இதயச் சார்கோய்டோசிஸ் (இதயத் தசையில் அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்), காசநோயால் வரும் இதய உறை அழற்சி, கடுமையான ருமாட்டிக் காய்ச்சல் ஆகியவை அப்படிப்பட்டவை. தென்காசி வட்டாரத்தில் சாரல் தொடங்கினால் இம்மாத்திரைக்கு எதிரான பேச்சும் தொடங்கிவிடும். குற்றால அருவித் தண்ணீர் மூலிகை கலந்ததாம். ஒரு மண்டலம் குளித்தால் இதய வீக்கம் வடிந்துவிடுமாம். மாத்திரையை அன்றே நிறுத்தலாமாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்பவர் யாருமில்லை. உடலுக்கு வேண்டிய கார்ட்டிசாலை அட்ரினல் சுரப்பி சுரக்கிறது. சில வாரங்கள் ஸ்டீராய்டு உட்கொண்டால் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை திடீரென நின்றால் சுரப்பி உடனே ஈடுகொடுக்காது. ரத்த அழுத்தம் சரியும், வாந்தி, மயக்கம் வரும், உயிரும் போகலாம். அடங்கிய அழற்சியும் திரும்பும். சார்கோய்டோசிஸ் நோயாளிக்கு அது இதயத்துடிப்பையே தடுமாற வைக்கும். இதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அருவி நீர் எந்த மூலிகையைத் தொட்டு வந்தாலும், குளிப்பதால் இதய அழற்சி ஆறியதற்குச் சான்றில்லை. குளிர்ந்த நீர் திடீரென மேலே கொட்டினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும் என்பதற்குச் சான்றுண்டு. அழற்சி ஆறாதவருக்குப் பேரருவியும் ஐந்தருவியும் வேண்டாத சோதனை. உடல்நலமுள்ள மற்றவர்கள் தாராளமாகக் குளிக்கட்டும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்பது அடுத்த கதை. இதய உறை அழற்சிக்குத் தரப்படும் கோல்சிசின், தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் உள்ளது. அதே செடியின் கிழங்கைத் தின்று இறந்தவர்களும் உண்டு.

இந்த மாத்திரையோடு சிலர் குழப்பிக்கொள்ளும் உடற்பயிற்சிக்கூடத்து ஸ்டீராய்டு வேறு. அது தசை வளர்க்கும் ஆண் ஹார்மோன் வகை.

ஸ்டீராய்டு எல்லா இதய அழற்சியையும் தீர்க்கும் என்பதும் தவறு. காசநோய் இதய உறை அழற்சி கொண்ட 1,400 பேரிடம் ஆப்பிரிக்காவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசலோன் இறப்பைக் குறைக்கவில்லை. உறை இறுகிப்போவது குறைந்தது. ஸ்டீராய்டால் வரக்கூடிய சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை பற்றிய அச்சம் நியாயமானது. அதற்குத்தான் தொடர் பரிசோதனை.

ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெடுவதை ஸ்டீராய்டு தடுப்பதாக நிரூபணமாகவில்லை. காய்ச்சல் மறுபடி வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காப்பது மூன்று வாரத்துக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசி. வலிக்கிறது என்று அதைப் பாதியில் விடுவது பெற்றோரின் பொறுப்பின்மை. தொண்டை வலி வந்து போன சில வாரங்களில், இக்காய்ச்சலின் அறிகுறியாக மூட்டு மாறி மூட்டு வீங்கும் பிள்ளையைத் தாமதமின்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.