எண்ணெய்க் கசிவும் ஏற்ற வாஷரும்

தமிழாசிரியனுக்கும் எஞ்சினுக்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். தொழில்நுட்பத்தைத் தாய்மொழியில் தெளிவாகக் கூறுதலும் தமிழாசிரியன் கடனே. ஆதலின், வாகனத்தின் மிகச் சிறிய உறுப்பொன்றைப் பற்றி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படும் வண்ணம் ஈண்டுச் சில கூறுவாம்.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாள் நிகழ்ந்த மண்சரிவால் நாடெங்கும் பெயரறியப்பட்ட மீரியபெத்தை, கொஸ்லாந்தையை அடுத்த மலைத்தோட்டமாகும். இத்தகைய தோட்டங்களில் நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முச்சக்கர வண்டியோ லொறியோதான் துணை. ஏற்றத்தில் எஞ்சின் எண்ணெயின்றி இறுகி நின்றுவிடின், நட்டம் பணத்தோடு முடியாது.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியைச் சம்ப் என்பர். பழைய எண்ணெயை வடிக்கும் துளையை அடைப்பது சம்ப் நட்டு. நட்டின் புரிகளே எண்ணெயைத் தடுக்கின்றன எனப் பலர் கருதுவர். அஃது அன்று. புரிகளுக்கிடையே நுண்ணிய இடைவெளி உண்டு. எண்ணெய் அவ்வழியே சுற்றி இறங்கும். உண்மையில் தடுப்பது, நட்டின் தலைக்கும் சம்பின் முகத்துக்கும் இடையே அமுங்கும் வாஷரே. மென்மையான வாஷர் நசுங்கி, கண்ணுக்குப் புலனாகாத கீறல்களையும் நிரப்பிவிடும். சாதாரண இரும்பு வாஷர் அவ்வாறு நசுங்காது. ஆதலின் அஃது இதற்கு ஆகாது.

ஏற்றவை நான்கு வகையின.

1. செம்பு: வெப்பத்தை நன்கு தாங்கும். ஒருமுறை நசுங்கியதும் கடினமாகிவிடும். மங்கிய செந்நிறம் தோன்றச் சூடேற்றி ஆறவிடின் மீண்டும் மென்மையுறும்.

2. அலுமினியம்: ஒருமுறைக்கே உரியது. செம்பைப்போல் இதனைச் சூடேற்ற முயலற்க. 660 பாகை செல்சியசில், சிவந்து காட்டாமலே உருகிவிடும்.

3. நார்: சம்பின் முகம் சிறிது பழுதுற்றிருப்பினும் பொருந்தும். மிக இறுக்கின் பிளந்துவிடும்.

4. இறப்பர் பதித்த உருக்கு வளையம்: குறைந்த இறுக்கத்திலேயே அடைக்கும். இறப்பர் எண்ணெயைத் தாங்கும் வகையினதாதல் வேண்டும்.

இவற்றுள் எதுவென்பதை வாகனக் கைந்நூல் கூறும்; அதனையே கொள்க. அளவில் ஏமாறுவார் பலர். ஸ்பனரின் அளவு வேறு, புரியின் அளவு வேறு. 17 மில்லிமீற்றர் ஸ்பனரால் திருகும் நட்டின் புரி 14 மில்லிமீற்றராக இருக்கலாம். அதற்கு வேண்டுவது 14 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள வாஷரே. துளை பெரிதாயின் வாஷர் ஒருபுறம் விலகி நிற்கும்.

வாஷரை மாற்றுமுன் எஞ்சினின் அடிப்புறத்தைத் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்க்க. மேலே கசியும் எண்ணெயும் வழிந்துவந்து சம்ப் நட்டிலேயே சொட்டும். நட்டைக் கழற்றியபின் பழைய வாஷர் சம்பின் முகத்தில் ஒட்டியுள்ளதா என நோக்குக. அதன்மேல் புதியதை இடின் கசிவு நில்லாது. நட்டை முதலிற் கையாலேயே திருகி, பின்னர்க் கைந்நூல் கூறும் அளவுக்கு மட்டும் ஸ்பனரால் இறுக்குக. கசிவை நிறுத்த மேலும் மேலும் இறுக்கின், அலுமினியச் சம்பின் புரிகள் அழிந்துபோம். சில ரூபா வாஷருக்காகச் சம்பையே மாற்ற நேரும்.

வடித்த எண்ணெயைக் கானில் ஊற்றலாகாது. மேட்டு லயத்துக் கானில் ஓடுவது கீழுள்ள பீலியைச் சேரக்கூடும். அங்கே குடம் ஏந்தி நிற்பாரும் நம்மவரே. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவாரிடம் ஒப்படைத்தலே முறை.