புல்லின் கணக்கும் வாழையின் தாகமும்

கேள்வி: உடுமலை பக்கம் இரண்டு ஏக்கரில் நேந்திரன் போட்டிருக்கிறேன், சொட்டுநீர்ப் பாசனம். செல்போனில் வானிலைச் செயலி இன்றைக்கு 'ஆவியுயிர்ப்பு 5.2 மி.மீ.' என்கிறது. என் மூன்று மாதக் கன்றுக்கும் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் உயரம் நிற்கும் கரும்புக்கும் அதே எண்தான். ஆடியில் மேகம் மூடிக் கிடந்தாலும் அது பெரிதாக இறங்குவதில்லை. போன போகத்தில், வளர்ந்த மரத்தில் மதியம் இலை மடங்குவதைக் கண்டால் மனசு கேட்காமல் மோட்டாரைப் போட்டுவிடுவேன். இந்த எண்ணை நம்பித் தண்ணீர் விடலாமா ஐயா?

பதில்: நம்பலாம். ஆனால் அது உங்கள் வாழையைப் பற்றிய எண் அல்ல. 12 செ.மீ. உயரத்துக்குச் சீராக வளர்ந்து, தரையை முழுக்க மூடி, தண்ணீர்க் குறையே அறியாத ஒரு கற்பனைப் புல்வெளியைப் பற்றியது. அப்படி ஒரு புல்வெளி உங்கள் ஊரில் இருந்தால் இன்றைக்குச் சதுர மீட்டருக்கு 5.2 லிட்டர் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்திருக்கும். ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 21,000 லிட்டர். வாழையும் கரும்பும் அந்தக் கணக்கில் இன்னும் நுழையவே இல்லை. அதனால்தான் இரண்டுக்கும் ஒரே எண்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ஹோவர்ட் பென்மன். தண்ணீர் ஆவியாக இரண்டு வேண்டும்: சூடு வேண்டும், எழுந்த ஈரத்தை வாரிக்கொண்டு போகக் காற்றும் வேண்டும். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் 1948-ல் சேர்த்தார். சூடு எவ்வளவு என்கிறீர்களா? 5.2 லிட்டரை ஆவியாக்க மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போகிறது, அதுவும் ஒரே சதுர மீட்டரில். ஆடியில் மேகம் வெயிலைக் குறைக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மறுபக்கத்தை ஏற்றிவிடுகிறது. எண் இறங்காததன் காரணம் அதுதான்.

பென்மன் கணக்கில் ஒரு குறை இருந்தது. அது திறந்து கிடக்கும் ஈரத்துக்கான கணக்கு. செடி அப்படித் திறந்து கிடப்பதில்லை; அதன் இலைத்துளைகளுக்குக் கதவு உண்டு. 1965-ல் ஜான் மான்டீத் அந்தக் கதவை 'தடை' என்ற அளவாகச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தார். இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய திருத்தம் என்று நான் மதிப்பது இதைத்தான். 1998-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு கற்பனைப் புல்லுக்கு அந்தத் தடையை மீட்டருக்கு 70 விநாடி என்று நிலையாக வைத்தது. செயலிகள் பெரும்பாலும் காட்டுவது அந்த முறைப்படி வரும் எண்ணையே.

புல்லிலிருந்து வாழைக்கு வரச் செயலியின் எண்ணைப் பயிர்க் காரணியால் பெருக்க வேண்டும். முதல் வருட வாழைக்கு ஆரம்பத்தில் 0.5, இலை விரிந்து தோட்டம் மூடியபின் 1.1. நன்கு வளர்ந்த கரும்புக்கு 1.25. ஆறுக்கு ஆறு அடி இடைவெளி என்றால் ஒரு வாழைக்கு 3.34 சதுர மீட்டர். இன்றைய எண்ணுக்கு உங்கள் கன்று ஒன்றுக்கு சுமார் 9 லிட்டர் போதும். மரமாகித் தோட்டம் மூடிய பிறகு இதே எண் வந்தால் 19 லிட்டர். மழை பெய்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கன்றுத் தோட்டத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுப்பகலில் போய் நிழலைப் பாருங்கள். கன்றைச் சுற்றி முறம் அளவு நிழல், மீதியெல்லாம் வெறும் மண். அங்கே போகும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகப் போவதில்லை, நனைந்த மண்ணிலிருந்து போகிறது. மண்ணுக்கும் இலைக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கும் முறையை 1985-ல் ஷட்டில்வொர்த்தும் வாலஸும் கொடுத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். நனையும் வட்டத்தில் சருகு மூடாக்குப் போட்டாலே அந்த இழப்பு குறையும்.

இனி மதிய மடிப்பு. வாழையிலையில் துளைகள் அடிப்பக்கத்தில்தான் அதிகம். உச்சி வெயிலில் இலையின் இரு பாதியும் நடுநரம்பிலிருந்து கூரை போலத் தொங்குகின்றன. நேர் வெயில் குறைவாக விழுகிறது. கூடவே இலைத்துளைகளும் ஓரளவு மூடிக்கொள்கின்றன. காற்றில் நார் நாராகக் கிழிந்த இலையைப் பார்த்து வருத்தப்படுகிறோம். ஆனால் அகலமான முழு இலையைவிட அந்தக் கீற்றுகள் சீக்கிரம் சூடு ஆறுகின்றன. துளை மூடியிருக்கும் நேரத்தில் அடிக்கும் காற்று இலையைக் குளிரவைத்து நீரிழப்பைக் குறைக்கவும் கூடும். ஆக, வானம் எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் எண் சொல்லும். எவ்வளவு கொடுப்பது என்பதை இலை முடிவு செய்கிறது. மதியம் மடங்கியதைப் பார்த்து மோட்டாரைப் போடாதீர்கள். பலமாகக் காற்றடிக்கிறதே என்று தனியாகவும் ஓட்ட வேண்டாம், அது எண்ணுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது.

விடிகாலையில் பாருங்கள். அப்போதும் இலை விரியாமல் தொங்கினால்தான் தண்ணீர் பற்றவில்லை. அன்றைக்குச் சொட்டுவான் பக்கத்தில் ஓர் அடி தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மறுநாளிலிருந்து லிட்டரைக் கூட்டுங்கள். ஈரம் இருந்தும் இலை தொங்கினால் எண்ணை விட்டுவிட்டு வேரையும் கிழங்கையும் பாருங்கள். வேர் அழுகினாலும், நூற்புழு தாக்கினாலும் இலை இப்படித்தான் தொங்கும்.