பழைய புல்லட்டில் வெளிச்சம் மங்கினால்

பழைய புல்லட்டில் ஹெட்லைட் மங்கினால் பலரும் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். பல நேரம் குறை பேட்டரியில் இல்லை. பச்சை பூத்த கனெக்டரும் துருப்பிடித்த எர்த் முனையும் மின்தடையைக் கூட்டுகின்றன.

கணக்கு எளிது. 12 வோல்ட், 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். வழியில் அரை ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வீணாகும். வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இது எளிதில் பிடிபடாது. பாதி இழை அறுந்த ஒயரும் நல்லதாகவே காட்டும். ஆகவே, பேட்டரியில் எரியும் லைட் என்றால், எரியவிட்டே சோதியுங்கள்.

1. மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள்.
2. ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவி சுவிட்ச், டிம்மர், கனெக்டர் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கே அளவு தாவுகிறதோ அங்கேதான் பழுது.
3. பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் அப்படியே பாருங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழுதான முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். இரவு நெடுஞ்சாலையில் பள்ளத்தைக் காட்டுவது இந்த வெளிச்சம்தான். பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.