நீர்மூழ்கப் பழகுவோர் முதலில் வாங்கத்தக்க கருவிகள்

கடலடியில் சுவாசக் கருவியுடன் நீந்திச் செல்லுதல் ஒரு காலத்தில் கடற்படையினருக்கும் ஆராய்ச்சியாளருக்குமே உரிய செயலாக இருந்தது. 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான கூஸ்தோவும், பொறியியலாளரான கஞ்ஞானும் சேர்ந்து அமைத்த கருவி இந்நிலையை மாற்றிற்று. மூழ்குபவர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே முதுகிற் சுமந்து செல்லவும், மூச்சை இழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவு பெறவும் அது வழி செய்தது. இன்று அந்தமான் தீவுகளிலும், இலட்சத்தீவுகளிலும், கர்நாடகக் கரையை அடுத்த நேத்ராணித் தீவிலும், புதுச்சேரியிலும் பொதுமக்கள் இக்கலையைப் பயிலுகின்றனர். சில நாட்களிலேயே முதற் பயிற்சி முடிந்து சான்றிதழும் கைக்கு வந்துவிடுகின்றது. அதன் பின் எழும் கேள்வி, எந்தக் கருவியை முதலில் வாங்குவது என்பதாகும்.

புதியவர்களுள் பலர் முதலில் விரும்புவது பளபளக்கும் காற்று உருளையை. அல்லது காலிற் கட்டிக்கொள்ளும் பெரிய கத்தியை. இவ்விரண்டுமே கடைசியில் வாங்க வேண்டியவை. அவற்றை வாங்காமலே இருந்துவிடினும் குற்றமில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதை விலை கொண்டோ தோற்றம் கொண்டோ முடிவு செய்தல் கூடாது. நீருக்குள் நம் சரீரத்திற்கு நேர்வது என்ன என்பதைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். ஆதலின், கடைக்குச் செல்லுமுன் சிறிது பௌதிகம் அவசியமாகின்றது.

கடல் மட்டத்தில் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் வளிமண்டலம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அமுக்குகின்றது. கடல்நீரில் 10 மீட்டர் ஆழம் இறங்கினால் இவ்வமுக்கம் இரு மடங்காகும். 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. அமுக்கம் எத்தனை மடங்கு பெருகுகின்றதோ, வாயுவின் பருமன் அத்தனை மடங்கு சுருங்கும் என்பது, 1662ஆம் ஆண்டில் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. சதையும் குருதியும் பெரும்பாலும் நீர்மயமானவையாதலால் அவை இவ்வமுக்கத்தால் சுருங்குவதில்லை. காற்று தங்கும் இடங்களே தாக்குறும். அவை நடுச்செவி, நுரையீரல், முகமூடியின் உட்புறம் ஆகியன. கீழே கூறப்படும் கருவிகளுட் பல இம்மூன்றிடங்களையும் காப்பதற்கே ஏற்பட்டவை.

முதலில் வாங்க வேண்டியது முகமூடி. (நீர்க்காண்முகமூடி என்று ஒரு சொல்லை ஆக்கி வைக்கலாம், எனினும் படகில் மாஸ்க் என்று கேட்டாலே அது கைக்கு வரும்.) நீச்சற் குளத்தில் அணியும், கண்களை மட்டும் மூடும் கண்ணாடி இதற்கு உதவாது. அதனை அணிந்து ஆழத்திற் சென்றால், உள்ளிருக்கும் சிறிதளவு காற்று சுருங்கி, கண்களையும் சுற்றியுள்ள தோலையும் உறிஞ்சி இழுக்கும். கண்ணின் வெண்படலத்திலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் வெடித்துக் கண் சிவந்துவிடும். மூக்கையும் உள்ளடக்கிய முகமூடியானால், மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு இக்குறையை நிரப்பிக்கொள்ளலாம். மேலும், மூக்கை மூடும் பகுதி மிருதுவாக இருந்தால்தான், வெளியிலிருந்தே விரல்களால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் செவியின் அமுக்கத்தைச் சரிசெய்ய இயலும். கடையில் நின்றபடியே இதனைச் செய்து பார்க்க வேண்டும். விரல்கள் எட்டாத முகமூடி எத்துணை அழகியதாயினும் வேண்டா.

அடுத்து, பொருத்தம். வாரைத் தலையிற் போடாமல், முகமூடியை முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை இழுத்து நிறுத்துக. கையை எடுத்த பின்னும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால், அம்முகத்திற்கு அது உரியது. தலையைச் சிறிது அசைத்தவுடன் காற்றுப் புகுந்து நழுவுமாயின், நீரும் அவ்வாறே புகும். வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்று விற்பவர் கூறக்கூடும். ஆனால் மிகுதியாக இறுக்கினால் விளிம்பு வளைந்து ஒழுக்கு அதிகமாகுமேயன்றிக் குறையாது. இவ்வரிகளை எழுதுபவர் முதன்முதலில் வாங்கிய முகமூடி, விலை உயர்ந்ததாயிருந்தும், இறங்கிய ஒவ்வொரு முறையும் அரையளவு நீரால் நிரம்பிற்று. கருவியைக் குறை கூறிப் பயனில்லை. குற்றம் மேலுதட்டில் இருந்தது. ரோமத்தின் மீது ரப்பரோ ஸிலிக்கோனோ படிந்து ஒட்டாது. மூக்கிற்கு நேர்க்கீழே மீசையில் விரலளவு அகலம் மழித்துவிடுதலே இதற்குத் தக்க பரிகாரம். மீசையை இழக்க மனமில்லாதோர் ஸிலிக்கோன் பசையைத் தடவிக்கொள்கின்றனர்.

கண்ணாடி, உறுதியேற்றிய கண்ணாடியாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் தகடு கீறலுறும், பனிமூட்டமும் கொள்ளும். உட்புறப் பருமன் குறைந்த முகமூடியிலிருந்து நீரை ஊதி வெளியேற்றுவது எளிது. நீருக்குள் முகமூடி வழியே காணும்போது, ஒளி விலகல் காரணமாகப் பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பனபோலத் தோன்றும். மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் காணப்படும். கிட்டப்பார்வை உடையோர் இதனை நம்பிக் கண்ணாடியின்றி இறங்குவது தவறு. அமுக்கமானியைப் படிக்க இயலாதவர் தம் காற்று எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறியார். வைத்தியர் குறித்த அளவுள்ள வில்லைகளைப் பொருத்தத்தக்க முகமூடிகள் கிடைக்கின்றன. புதிய முகமூடியின் உட்புறத்தில் தொழிற்சாலையிற் படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் பலமுறை தேய்த்துக் கழுவினாலன்றி மூட்டம் நீங்காது.

முகமூடியுடன் மூச்சுக் குழலும் வாங்கலாம், விலை சொற்பம். நீளமான குழல் இருந்தால் இன்னும் ஆழத்தில் மூச்சு விடலாமே என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் 100 கிராம் எடையளவு கூடுதலாக அமுக்குகின்றது. குழலின் உள்ளிருக்கும் காற்றோ மேற்பரப்பின் அமுக்கத்திலேயே உள்ளது. மூச்சுத் தசைகள் இவ்வேறுபாட்டை நெடுநேரம் எதிர்த்து மார்பை விரிக்க மாட்டா. கடைகளில் விற்கும் குழல்கள் சுமார் 40 சென்டிமீட்டருக்கு மேற்படாததன் காரணம் இதுவே.

இரண்டாவது, காற்றுடுப்புகள். பாதம் முழுவதும் நுழையும் வகை ஒன்று. குதிகாலில் வார் கொண்டு, ரப்பர்க் காலுறையின் மேல் அணியும் வகை மற்றொன்று. படகிலிருந்து நேரே வெப்பக் கடலில் குதிப்போருக்கு முன்னது போதும். பாறையும் பவளமும் நிறைந்த கரையில் நடந்து இறங்குவோருக்குப் பின்னது இன்றியமையாதது. மிக நீண்டு விறைப்பானவற்றை விளம்பரத்தைப் பார்த்து வாங்குவோர், பாதி வழியில் கெண்டைக்கால் பிடிப்பெடுத்துத் துன்புறுவர். பெருவிரல் நசுங்காமலும், குதிகால் கழலாமலும் இருந்தால் அதுவே தக்க அளவு.

மூன்றாவது, உடற்சட்டை. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் உஷ்ணத்தைக் கவர்வதால், இதமாகத் தோன்றும் கடலிலும் முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் காணும். நம் வெப்பக் கடல்களுக்கு 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள நியோப்ரீன் சட்டை போதுமானது. ஜெல்லி மீன், பவளக் கீறல் ஆகியவற்றிலிருந்தும் அது காக்கும். அது தளர்வாக இருந்தால் உள்ளே நீர் ஓடிப் பயனற்றதாகும். நியோப்ரீனில் நுண்ணிய வாயுக் குமிழிகள் உள்ளன. ஆழத்தில் இவையும் பாயிலின் விதிக்குட்பட்டுச் சுருங்குவதால், சட்டையின் மிதக்கும் ஆற்றல் குறைந்து மூழ்குபவர் கனத்துப்போவார். அதனை ஈடு செய்யவே காற்றூதும் மிதவைச் சட்டை ஏற்பட்டது. பயிற்சி நிலையத்து மிதவைச் சட்டைகளை முதல் ஆண்டில் வாடகைக்கு எடுத்து, எவ்வகை தமக்கு இணங்குகின்றது என்று கண்ட பின் வாங்குதல் நலம்.

இனி ரெகுலேட்டர். சுவாசச் சீராக்கி எனத் தமிழில் வழங்கலாம். இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். உருளையில் காற்று வளிமண்டல அமுக்கத்தைப்போல் 200 மடங்கு அமுக்கத்தில் அடைபட்டுள்ளது. அதனை நேரே வாயிற் கொண்டால் நுரையீரல் கிழியும். சீராக்கியின் முதற் கட்டம் இதனைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தினும் சுமார் 10 மடங்கு வளிமண்டலம் கூடுதலான அளவிற்குத் தாழ்த்தும். வாயில் கவ்வும் இரண்டாம் கட்டம், நீரின் அமுக்கத்திற்குச் சமமாக்கித் தரும். 20 மீட்டர் ஆழத்தில் மும்மடங்கு அமுக்கமுள்ள காற்றையே அது தருவதால்தான் அங்கே மார்பு தடையின்றி விரிகின்றது. இதிலிருந்து ஓர் அபாயமும் பிறக்கின்றது: 10 மீட்டர் ஆழத்தில் நிரப்பிய மூச்சை அடக்கியவாறே மேலேறினால், அக்காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைச் சிதைக்கும். மூச்சை ஒருபோதும் நிறுத்தாதிருக்கும் பழக்கத்தை எந்தக் கருவியும் விலைக்குத் தராது. பயிற்சிக்கு முன் கருவி வாங்குவதை அறிந்தோர் தடுப்பது இதனாலேயே.

பிறர் பயன்படுத்திய முகமூடியை மலிவாக வாங்குவதால் கெடுதி ஒன்றுமில்லை. ஒழுகினால் மேலே வந்துவிடலாம். பழைய சீராக்கி அவ்வாறன்று. உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களும், வால்வின் இருக்கைகளும், உலோகத்தின் உட்புறத்தில் படிந்த உப்பும் கண்ணுக்குத் தெரியா. அதனைப் பிரித்துத் தேய்ந்தவற்றை மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தால், மலிவு என்பது பெரும்பாலும் மறைந்துவிடும். புதியதை வாங்குவோரும் விலையைக் கேட்குமுன், அதைப் பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர் எந்த ஊரில் உள்ளார், உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்று கேட்டல் வேண்டும். உருளையுடன் இணைக்கும் முறையும் இரு வகைப்படும். நுகம் போல் கவ்வும் வகை ஒன்று. டின் எனப்படும் திருகு வகை ஒன்று. தாம் அடிக்கடி செல்லும் இடத்திலுள்ள உருளைகளுக்கு எது பொருந்தும் என்று விசாரியாமல் வாங்கி, கரையில் அமர்ந்திருந்தவர்களும் உண்டு.

வாடகைக்கு எடுத்தாலும் சோதித்தறிதல் கடன். உருளையைத் திறந்து, அமுக்கமானியின் முள்ளைப் பார்த்தவாறே ஐந்தாறு முறை மூச்சு விடுக. மூச்சை இழுக்குந்தோறும் முள் தாழ்ந்து மீண்டும் எழுமாயின், உருளையின் வால்வு முழுதும் திறக்கப்படவில்லை என்பது பொருள். மேற்பரப்பில் இதனால் இடரில்லை. ஆழத்திலோ மூச்சு திணறும். காற்றில் எண்ணெய் நாற்றம் இருந்தால் அவ்வுருளையை ஏற்க வேண்டா. துணைவருக்குக் கொடுக்கத்தக்க இரண்டாவது வாய்ப்பகுதியும் அவ்விதமே சோதிக்கப்பட வேண்டும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆனால் காற்றிழந்த துணைவர் கைநீட்டிப் பற்றப்போவது அதைத்தான்.

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசைகளிலும் கரைகின்றது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுக்களையும் தண்டுவடத்தையும் தாக்கும். இதற்குரிய முதல் அட்டவணைகளை ஆடுகளின் மீது சோதித்து 1908இல் ஹால்டேனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். அக்கணக்கை இன்று கைக்கடிகாரம் போன்ற சிறு கணிப்பொறி நொடிதோறும் செய்கின்றது. முகமூடி, காற்றுடுப்பு, சட்டை ஆகிய மூன்றிற்கும் பின் கையில் பொருள் எஞ்சுமாயின் வாங்க வேண்டியது இதுவே. இருவருக்கு ஒன்று போதும் என்பது பொருந்தாது. சற்று மேலும் கீழுமாக நீந்திய இருவருடைய கணக்கு ஒன்றாகாது. விமானமேறுமுன் காத்திருக்க வேண்டிய நேரத்தையும் அது காட்டும். பல முறை மூழ்கியவர்க்கு 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பர். அந்தமான் சென்று வருவோர் பயணச்சீட்டு வாங்கும்போதே இதனை நினைவிற் கொள்க.

கத்திக்கு எண்ணிய பணத்தில் ஒரு சிறு நூல்வெட்டியும், ஊதி நிறுத்தும் செம்மஞ்சள் நிறத் துணிக்குழாய் ஒன்றும், ஊதுகுழல் ஒன்றும் வாங்கிவிடலாம். நீரோட்டம் இழுத்துச் செல்ல, படகிலிருந்து தொலைவில் மேலெழுந்தவரின் தலை, அலைகளுக்கிடையே தேங்காய் அளவினதாகவே தெரியும். ஒரு மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் அக்குழாயைப் படகோட்டி எளிதிற் காண்பார்.

இறுதியாக, உருளை. இதனைச் செய்தித்தாள்கள் பிராணவாயு உருளை என்றே எழுதுகின்றன, அது பிழை. அதிலிருப்பது வடிகட்டி அமுக்கிய சாதாரணக் காற்று. தூய பிராணவாயு சுமார் 6 மீட்டருக்குக் கீழே நரம்புகளுக்கு நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். அதன் நச்சுத் தன்மையைப் பால் பெர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1878இலேயே எழுதி வைத்தார். 11 லிட்டர் கொள்ளும் உருளையில் 200 மடங்கு அமுக்கத்தில் 2,200 லிட்டர் காற்று அடங்கும். அதில் கால் பங்கைத் தொடாமல் வைத்தால் செலவிடத்தக்கது 1,650 லிட்டர். அமைதியாக நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பதாகக் கொண்டால், 10 மீட்டரில் 40 லிட்டர் செலவாகி 41 நிமிடங்களும், 20 மீட்டரில் 60 லிட்டர் செலவாகி 27 நிமிடங்களும் நிற்கும். பதற்றமடைந்தவருக்கு இதில் பாதியும் நில்லாது. ஒழுகும் முகமூடியும் இறுக்கும் காற்றுடுப்பும் பதற்றத்தை வளர்ப்பவை. ஆகவேதான் அவற்றை முதலிற் கூறினோம்.

உருளை வெறுமையாக இருக்கும்போதே சுமார் 14 கிலோகிராம் எடையுள்ளது. காற்று நிறைந்த நிலையில் விமானத்தில் எடுத்துச் செல்ல இயலாது. அதனை நிரப்புவதும் சோதிப்பதும் 2016ஆம் ஆண்டு வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய, வெடிபொருட் பாதுகாப்பு நிறுவனம் அவ்விதிகளைச் செயற்படுத்துகின்றது. வாடகைக்கு எடுப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவே: உருளையின் தோட்பகுதியில், வால்வுக்குச் சற்றுக் கீழே, நீரமுக்கச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். விரலால் உப்பைத் துடைத்து அதைப் படிக்க. தவணை கடந்திருப்பின் வேறோர் உருளையைக் கேட்டுப் பெறுக.