யூத இனவழிப்புச் சொற்களும் தமிழாக்கமும்: தகுதி வழக்கு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் 1945ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். இவ்வழிப்பைக் குறிக்கும் சொற்களுள் சில கொன்றவர்கள் படைத்தவை. சில கொல்லப்பட்டோர் தரப்பினின்று எழுந்தவை. சில பின்னர்ச் சட்டத்துறையில் உருவானவை. இவ்வேறுபாடு தமிழாக்கத்தில் மறையுமிடங்களை நன்னூலார் கூறும் தகுதி வழக்கின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இனவழிப்பு, ஷோவா, தகுதி வழக்கு, குழூஉக்குறி, மொழிபெயர்ப்பு

முன்னுரை

டிரெஸ்டன் நகரில் வாழ்ந்து உயிர்தப்பிய யூத மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர், நாஜி ஆட்சியின் மொழியைப் பற்றித் தாம் எழுதிய குறிப்புகளை 1947இல் நூலாக வெளியிட்டார். கொடுமையை நிகழ்த்துவதில் மொழிக்கும் பங்குண்டு என்பதை அந்நூல் உணர்த்தியது. அம்மொழியில் அமைந்த ஆவணங்களைத் தமிழில் பெயர்ப்போர், ஒவ்வொரு சொல்லும் யாருடைய வாயினின்று பிறந்தது என்பதை அறிதல் இன்றியமையாதது.

நிகழ்வின் பெயர்கள்

உலக வழக்கில் பரவியுள்ள ‘ஹோலோகாஸ்ட்’ என்பது முழுமையாக எரிக்கப்பட்ட பலியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழ் விவிலியத்தில் ‘சர்வாங்க தகனபலி’ எனப்படுவது அதுவே. பலி என்பது இறைவனுக்கு மனமுவந்து அளிப்பது; கொலையுண்டவர்களை அச்சொல்லால் குறிப்பது பொருந்தாது என்னும் மறுப்பு யூத அறிஞரிடையே உண்டு. எனவே பலர் ‘ஷோவா’ என்னும் எபிரேயச் சொல்லை விரும்புவர். அதன் பொருள் பேரழிவு.

ஷோவாவைத் தமிழாக்கும்போது ஓர் இலக்கணச் சிக்கல் எழுகிறது. ‘அழிவு’ தன்வினையின் பாற்பட்டது; ஆழிப்பேரலையால் நேர்வதும் பேரழிவே. ‘அழிப்பு’ பிறவினையின் பாற்பட்டது. அழித்தவர் யார் என்னும் வினாவை அது தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆதலின் ஷோவாவின் பொருளை விளக்குமிடத்துப் ‘பேரழிவு’ எனவும், வரலாற்று நிகழ்வைச் சுட்டுமிடத்து ‘யூத இனவழிப்பு’ எனவும் வழங்குதல் தகும்.

‘இனப்படுகொலை’ என்பதும் ஆராயத்தக்கது. இதன் மூலச்சொல்லை ரஃபேல் லெம்கின் என்னும் போலந்து யூதச் சட்ட அறிஞர் 1944இல் வெளியான தம் நூலில் வழங்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை இதற்கு ஐந்து செயல்களை வரையறுக்கிறது. கொலை அவற்றுள் ஒன்றே. பிறப்பைத் தடுத்தலும் குழந்தைகளைப் பிற குழுவினரிடம் வலிந்து மாற்றுதலும் அவற்றுள் அடங்கும். ‘படுகொலை’ இவ்வகலத்தைக் குறுக்குவதால், இங்கும் ‘இனவழிப்பு’ என்பதே பொருந்தும் எனலாம்.

மங்கலத் தோற்றமும் குழூஉக்குறிப் பயனும்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குவர். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அங்குக் கேட்போர்க்கும் உண்மை தெரியும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. அங்குக் குழுவிற்குப் புறத்தோர்க்கு உண்மை தெரியாது.

‘இறுதித் தீர்வு’, ‘சிறப்பு நடத்துமுறை’, ‘மறுகுடியமர்த்தல்’ ஆகிய நாஜிச் சொற்கள் தோற்றத்தால் மங்கலத்தை ஒத்தவை; பயனால் குழூஉக்குறிகள். 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் நகரின் வான்ஸே பகுதியில் 15 உயர் அலுவலர் கூடிய கூட்டத்தின் குறிப்பு, யூதர்களைக் கிழக்கே ‘வெளியேற்றுதல்’ என்றே பேசுகிறது. அதனை ஆயத்தம் செய்த அடால்ஃப் ஐக்மன், ஜெருசலேமில் 1961இல் நடந்த விசாரணையில், அக்கூட்டத்தில் கொலையைப் பற்றி வெளிப்படையாகவே பேசப்பட்டது என ஒப்புக்கொண்டார். பேச்சில் இருந்த கொலை எழுத்தில் வெளியேற்றமாயிற்று.

பொற்கொல்லர் குறி பொருளை மறைப்பது. இக்குறிகளோ சாகவிருந்தோரிடமிருந்தே அவர்தம் சாவை மறைத்தன. 1941 செப்டம்பர் இறுதியில் கீவ் நகர யூதர்கள் ஆவணங்கள், பணம், கதகதப்பான உடைகள் ஆகியவற்றுடன் வருமாறு ஆணையிடப்பட்டனர். வேற்றிடத்தில் குடியமர்த்தப்படுவதாகவே பலர் நம்பினர். பாபி யார் பள்ளத்தாக்கில் 29, 30 ஆகிய இரு நாள்களில் 33,771 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாக நாஜி அறிக்கையே கணக்களிக்கிறது.

தமிழாக்கத்தில் நேரும் மயக்கம்

வார்சா யூதர்கள் 1942 கோடையில் டிரெப்ளிங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டதைத் தமிழில் ‘நாடு கடத்தல்’ என எழுதுவதுண்டு. டிரெப்ளிங்கா வார்சாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது. நாடு கடத்தப்பட்டவர் வேறோரிடத்தில் வாழ்வார் என்பதே தமிழ் வாசகர் கொள்ளும் பொருள். அங்குச் சென்றோருள் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரத்திற்குள் கொல்லப்பட்டனர். இதனைக் ‘கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லல்’ என்பதே நேரியது.

‘வதை முகாம்’ என்பதும் இருவேறு அமைப்புகளை ஒன்றாக்குகிறது. 1933 மார்ச்சில் தொடங்கப்பட்ட டாஹாவ், தொடக்கத்தில் அரசியல் எதிரிகளை அடைத்துவைத்த முகாம். கெல்ம்னோ, பெல்செக், சோபிபோர், டிரெப்ளிங்கா ஆகியன கொல்வதற்கென்றே அமைக்கப்பட்டவை. ஆஷ்விட்ஸில் இரு பணிகளும் நிகழ்ந்தன. முன்னதை ‘அடைப்பு முகாம்’ எனவும் பின்னதைக் ‘கொலை முகாம்’ எனவும் பிரித்துரைத்தல் வேண்டும்.

முடிவுரை

நாஜி ஆவணத்திலுள்ள ‘வெளியேற்றம்’ என்பதைக் ‘கொலை’ எனப் பெயர்த்தால், மறைத்தமைக்கான சான்று அழிகிறது. குறியீடின்றி ‘வெளியேற்றம்’ என்றே எழுதினால், அம்மறைப்பு தமிழிலும் தொடர்கிறது. ஆகவே ஆவண மேற்கோளில் அச்சொல்லை ஒற்றை மேற்கோள் குறிக்குள் நிறுத்தி விளக்கம் தருதலும், ஆய்வாளர் தம் கூற்றில் நிகழ்ந்ததை நேர்ச்சொல்லால் உரைத்தலும் முறையாகும். குழூஉக்குறியைக் குழூஉக்குறி என இனங்காட்டும் இலக்கணம் தமிழில் முன்பே உண்டு. அதனைக் கலைச்சொல்லாக்கத்தில் பயன்கொள்ளும்போது, கொன்றவர் சொல்லே வரலாற்றின் சொல்லாகிவிடாமல் காக்க இயலும்.