புலிநகத்துக்கு ஒரு கணக்கு

இந்த மாதப் பாடம் நம்மைக் கொஞ்சம் காட்டுப் பக்கம் கூட்டிப் போகிறது.

நம்ம நாட்டுச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். தேசியக் காற்பந்துக் குழுவின் செல்லப் பெயர் 'ஹரிமாவ் மலாயா'. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தமான மலாயாப் புலி இன்று நம்ம காட்டில் 150-க்கும் குறைவு. யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன எண் இல்லை இது. 2016 முதல் 2020 வரை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் பல அமைப்புகளும் சேர்ந்து, தீபகற்பக் காடுகளில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பின் முடிவு. புலியின் வரி நம்ம கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அதனால் ஒரே புலி பத்துத் தடவை படத்தில் விழுந்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

1950-களில் சுமார் 3,000 புலி இருந்திருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு. அதை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அப்போது இந்தக் கேமராவெல்லாம் ஏது? ஆனால் 2008-இல் நாடு போட்ட செயல்திட்டம், 2020-க்குள் 1,000 புலி என்று இலக்கு வைத்தது. 2020 வந்தபோது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

'காட்டை வெட்டிட்டாங்க, அதான் புலி போச்சு' என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. செம்பனைத் தோட்டமும் அணையும் சாலையும் காட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டன. ஆனால் தாமான் நெகாரா இன்றும் 4,343 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. பேராக்கில் பெலும்-தெமெங்கோர் காடு இருக்கிறது. மரம் நிற்கிற இடத்திலும் புலி குறைகிறதே, அது ஏன்? பெரிய காரணங்களில் ஒன்று ரொம்பச் சின்னப் பொருள். ஒரு கம்பி.

ஜெராட்

மலாயில் ஜெராட், தமிழில் சுருக்குக் கண்ணி. நான் பொறியியல் படிப்பவன், எதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. இதில் பிரிக்க ஒன்றுமே இல்லை, அதுதான் பயம். விலங்கு நடக்கும் தடத்தில் இலை தழைக்கு அடியில் ஒரு எஃகுக் கம்பி வளையம். கால் பட்டால் இறுகும். மிரண்டுபோய் இழுக்க இழுக்க இன்னும் இறுகும், தோலை அறுத்து எலும்பு வரை போகும். இழுக்காமல் சும்மா நில் என்று புலிக்கு யார் சொல்வது? துப்பாக்கி என்றால் சத்தம் கேட்கும், வேட்டைக்காரன் அங்கே இருந்தாக வேண்டும். கம்பிக்கு இரண்டும் தேவையில்லை. வைத்தவன் பிடிபட்டு லாக்கப்பில் இருந்தாலும் அது காட்டில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மான், தாபிர், கரடி, யானைக்குட்டி என்று எது மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

2009 அக்டோபரில் பெலும்-தெமெங்கோரில் ரோந்து போன குழு ஒன்று, முன்னங்கால் கம்பியில் மாட்டிய ஆண் புலியை உயிரோடு கண்டுபிடித்தது. மீட்டு மலாக்கா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. கம்பியை அறுத்துக்கொண்டு தப்பிக்கிற புலியின் கதையும் நல்லா முடிவதில்லை. மூன்று காலில் மானைத் துரத்த முடியாது. கம்போங் பக்கம் வந்து ஆட்டையும் மாட்டையும் தேடும், 'புலி ஊருக்குள்ள வந்துருச்சு' என்று நாம் செய்தி படிப்போம்.

புலி ஆறு மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும் விலங்கும் இல்லை. ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி, அவை தாயோடு ஏறக்குறைய இரண்டு வருடம் இருக்கும். ஒரு தாய்ப்புலி கம்பியில் விழுந்தால் அந்தக் குட்டிகளும் போச்சு.

யார் வாங்குகிறார்கள்?

காட்டில் கம்பி வைப்பவன் பொழுதுபோக்குக்காகப் போகவில்லை. வாரக்கணக்கில் காட்டில் தங்கி, அட்டைக் கடி வாங்கி, ஜெயிலுக்கும் துணிந்து ஒருவன் போகிறான் என்றால் அந்தப் பக்கம் ஒரு விலை இருக்கிறது. தோல், எலும்பு, பல், நகம், இறைச்சி எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. எலும்பை மருந்து என்று நம்பிக் கேட்பவர்கள் பற்றி நமக்குத் தெரியும். சீனா 1993-லேயே புலி எலும்பு வணிகத்தைத் தடைசெய்தும் கள்ளச்சந்தை ஓயவில்லை. இதைக் கேட்டதும் நம்ம பசங்க, 'அது அவங்க பிரச்சினைப்பா' என்று கை கழுவிவிடுவார்கள்.

கொஞ்சம் நில்லுங்கள். போன வருடம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு மாமா கழுத்தில் தங்கச் சங்கிலி, அதில் இரண்டு நகத்தை எதிரெதிரே வைத்துக் கட்டிய பதக்கம்.

"அசலா மாமா?"

"பின்னே? தாத்தா காலத்து உருப்படிடா. இதைப் போட்டா பயம் வராது, கண்ணு படாது."

அந்த மாமா நல்லவர். யாருக்கும் கெட்டது நினைக்கமாட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த மூன்று பசங்க அதைத் தொட்டுப் பார்த்து, 'எங்க கிடைக்கும் மாமா?' என்று கேட்டதை நானும் பார்த்தேன். சந்தை என்பது அந்தக் கேள்விதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புலிக்கு முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, ஆக மொத்தம் 18 நகம். ஒரு பதக்கத்துக்கு இரண்டு என்றால் ஒரு புலிக்கு ஒன்பது பதக்கம். 150 புலி என்றே வைத்துக்கொண்டாலும் காட்டில் மிச்சம் இருக்கும் மொத்த நகம் 2,700. அதாவது 1,350 சங்கிலி. ஒரு பெரிய கல்யாண மண்டபத்துக்கு வரும் ஆட்களுக்கே போதாது, ஒரு நாட்டின் புலி எல்லாம் தீர்ந்துவிடும்.

சந்தையில் நிறையப் போலியும் உண்டு. மாட்டுக் கொம்பைச் செதுக்கி, பிசினை வார்த்துச் செய்கிறார்கள். 'அப்போ போலி போட்டா தப்பில்லையே' என்கிறார்கள். ஆசையை உயிரோடு வைத்திருப்பதில் போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் இல்லை என்பது என் கருத்து. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 'இதில் இன்ன விலங்கின் பாகம் இருக்கு' என்று சொல்லி விற்கும் பொருளைச் சும்மா விடுவதில்லை. பழைய 1972 சட்டத்தில் புலிக்கான அபராதம் 15,000 வெள்ளிக்கு மேல் போகாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 15 ஆண்டு வரை சிறை. அனுமதி இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். 'தாத்தா கொடுத்தது' என்பது அனுமதிச் சீட்டு ஆகாது. 2023-இல் பெங்களூரில் கன்னட பிக் பாஸ் போட்டியாளர் ஒருவரை, புலிநகச் சங்கிலி போட்டிருந்ததற்காக வனத்துறை கைது செய்தது பலருக்கு நினைவிருக்கும்.

'நம்ம சமயத்திலேயே புலித்தோல் இருக்கே, சங்க காலத்திலேயே புலிப்பல் தாலி இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது. அது காட்டில் புலி நிறைந்திருந்த காலம். அதே சமயத்தில் வியாக்கிரபாதர் கதையும் இருக்கிறது. பூசைக்குப் பூப் பறிக்க, வண்டு தொடுவதற்கு முன்னாடி விடியற்காலை இருட்டில் மரம் ஏற வேண்டும், வழுக்கக் கூடாது. அதற்காக இறைவனிடம் புலியின் கால் கேட்டு வாங்கிய முனிவர் அவர். சிதம்பரத்துக்குப் புலியூர் என்று பெயர் வந்ததும் அவரால்தான். ஐயப்பன் புலிப்பால் கொண்டுவரப் போனார், புலி மேல் ஏறித் திரும்பினார். எந்தப் புலியையும் அவர் உரிக்கவில்லை.

சரி, இனி ஒன்றும் செய்ய முடியாதா? நேப்பாளத்தில் 2009-இல் 121 புலி, 2022-இல் 355. இராணுவமும் காட்டோரக் கிராமத்து மக்களும் சேர்ந்து காவல் இருந்தார்கள். இரையும் காவலும் இருந்தால் புலி தானே பெருகும். இங்கேயும் 2019 முதல் போலீஸும் பெர்ஹிலித்தானும் கூட்டாக நடவடிக்கை எடுக்கின்றன. முன்னாள் இராணுவத்தினரும் காட்டைக் கரைத்துக் குடித்த ஓராங் அஸ்லி மக்களும் ரோந்து போகிறார்கள்.

பகாங்கில் சுங்கை யூ என்ற இடத்தில் சாலையைத் தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே விலங்குகள் தாமான் நெகாராவுக்கும் தித்திவங்சா மலைத்தொடருக்கும் போய் வரலாம். என்னைப் போல் பொறியியல் படிக்கிறவனுக்கு அதைப் பார்க்கவே பெருமை. ஆனால் கான்கிரீட் தூணுக்குக் கம்பி வைப்பவனைத் தடுக்கத் தெரியாது. அதனால்தான் மைகேட் என்ற அமைப்புகளின் கூட்டணி, அந்தப் பக்கம் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு 'கேட் வாக்' என்று நடக்கிறது. ஆள் நடமாட்டம் இருக்கும் தடத்தில் திருடன் கம்பி வைக்கத் தயங்குவான். நம்ம வட்டாரக் கிளைகள் அடுத்த விடுமுறைக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்தால் நான் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

கம்பியையோ, கடையில் 'அசல் நகம்' என்று விற்பவரையோ பார்த்தால் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். இடம், நேரம், பார்த்தது என்ன என்று குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்: 1-800-88-5151. வீட்டில் பழைய நகம் இருந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே கேட்கலாம். கல்யாண வீட்டு மாமாவுக்கும் இந்த எண்ணை அனுப்பியிருக்கிறேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.