முட்டையின் வெள்ளைக்கரு ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால்

இப்பாடத்தின் நோக்கம்: வெள்ளைக்கரு ஒவ்வாமையை அடையாளம் காணல், ஆபத்தான வேளையில் செய்ய வேண்டியதை அறிதல், முட்டை இல்லாமலும் பிள்ளைக்குப் போதிய சத்துக் கொடுத்தல்.

வாகரை, கிரான், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதிகளில் ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றின் வளவில் இப்போது மீண்டும் கோழிகள் நிற்கின்றன. அரிசி, மா, பருப்போடு வீட்டு முட்டையும் சேர்வது பிள்ளைகளின் வளர்ச்சிக்கு நல்லது. ஆனால் சிலருக்கு, குறிப்பாகச் சிறு பிள்ளைகளுக்கு, முட்டை ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருப்பதற்காகக் கோழிகளை விற்றுவிட வேண்டியதில்லை. முட்டையை யார் உண்ணலாம், யார் உண்ணக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டாற் போதும்.

1. ஏன் வெள்ளைக்கரு?

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அதில் பாதிக்கு மேல் வெள்ளைக்கருவில் இருக்கிறது. மஞ்சள்கருவில் புரதத்தோடு கொழுப்பு, இரும்புச்சத்து, விற்றமின் ஏ, விற்றமின் டி ஆகியவையும் உள்ளன. ஒவ்வாமையைத் தூண்டும் முக்கிய புரதங்கள் வெள்ளைக்கருவிலேயே அதிகம். அவற்றுட் சில சூட்டில் மாறிவிடும். ஒன்று நன்றாக அவித்தாலும் பெரும்பாலும் மாறாது நிற்கும். இதனால்தான் அரைவேக்காட்டு முட்டைக்குத் தடிப்பு வரும் சிலருக்கு நன்கு வெந்த முட்டை ஒத்துப்போகிறது. வேறு சிலருக்கு எப்படிச் சமைத்தாலும் ஒத்துப்போவதில்லை.

வாத்து முட்டை, காடை முட்டை, கினிக்கோழி முட்டை ஆகியவற்றிலும் இதையொத்த புரதங்களே உள்ளன. கோழி முட்டைக்குப் பதிலாக அவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். கோழி இறைச்சி பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும்.

2. இது ஒவ்வாமையா, வேறு தொல்லையா?

எங்கள் பகுதியில் உடம்பு கடித்தாலே "கிரந்திச் சாப்பாடு" என்று சொல்லி முட்டை, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. சிரங்கு, நுளம்புக்கடி, வெயிற் பருக்கள் ஆகியவற்றுக்கும் உடம்பு கடிக்கும். காரணமின்றி உணவைக் குறைத்தால் பிள்ளை மெலிந்துவிடும். கீழுள்ள மூன்று நிலைகளில் உங்கள் வீட்டு நிலை எது என்று பாருங்கள்.

அ. கடுமையான நிலை: முட்டை உண்ட சில நிமிடங்களில், அல்லது 2 மணித்தியாலத்துக்குள், மூச்சிழுப்பு, தொடர் இருமல், குரல் அடைப்பு, நாக்கு அல்லது தொண்டை வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், உடம்பு முழுவதும் தடிப்பு.

ஆ. இலேசான நிலை: அதே நேரத்துக்குள் வாயைச் சுற்றிச் சிவப்பு, சில இடங்களில் தடிப்பு, கடி.

இ. வயிற்றுத் தொல்லை மட்டும்: பெரியவருக்கோ வளர்ந்த பிள்ளைக்கோ வயிற்றுப் பொருமல், பாரம், தோலிலும் மூச்சிலும் மாற்றமில்லை. இது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. பழைய எண்ணெய், பழுதான முட்டை, சரியாக வேகாமை ஆகியவையும் காரணமாகலாம்.

கைக்குழந்தை முட்டை உண்டு சில மணித்தியாலங்களின் பின் விடாமல் வாந்தி எடுத்தால் அதை "இ" என்று எண்ண வேண்டாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

"அ" நிலை ஒருமுறை வந்திருந்தாலும் முட்டையை எவ்வடிவிலும் கொடுக்கக்கூடாது. "ஆ" நிலையில் முட்டையை நிறுத்திவிட்டு, குடும்பநல உத்தியோகத்தர் மூலம் வைத்தியரைக் காணுங்கள். "கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்று வீட்டிற் சோதிப்பது ஆபத்து. முதல்முறை தடிப்போடு நின்றது அடுத்த முறை மூச்சைத் தாக்கலாம்.

3. ஆபத்து வேளையில்

• ஆளைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமானால் சாய்ந்து இருக்க விடுங்கள். வாந்தி எடுத்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.
• நடக்க வைக்க வேண்டாம். தேசிக்காய்த் தண்ணீர், கசாயம் எதுவும் பருக்க வேண்டாம்.
• கடிக்குக் கொடுக்கும் மாத்திரை மூச்சிழுப்பை நிறுத்தாது. வைத்தியசாலையில் ஏற்றும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் மருந்து. மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள்.
• சுகமானது போலத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். சில மணித்தியாலங்களில் மீண்டும் வரலாம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்போர் வழியை இன்றே தீர்மானித்து வைக்க வேண்டும். மண்டூர்–குருமண்வெளி, அம்பிளாந்துறை–குருக்கள்மடம் துறைகளில் பாதை எத்தனை மணிவரை ஓடுகிறது? அதற்குப் பின் எந்தத் தரைவழி? கிட்டிய அரசாங்க வைத்தியசாலை எது? ஓட்டோ உள்ள அயலவர் யார்? அவருடைய தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பெரிய வைத்தியசாலையை நோக்கி நேரத்தைக் கடத்துவதைவிட, ஊசி போடக்கூடிய கிட்டிய இடத்துக்கு முதலிற் போவதே மேல்.

4. மஞ்சள்கருவை மட்டும் உண்பது எப்படி?

இது "இ" நிலையில் உள்ளவர்களுக்கும், வைத்தியர் அனுமதித்தவர்களுக்கும் மட்டுமே. வீட்டில் எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் மஞ்சள்கருவில் சிறிதளவு வெள்ளைக்கரு ஒட்டியிருக்கும்.

1) முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். மிதந்தால் எறிந்துவிடுங்கள்.
2) தண்ணீர் கொதித்த பின் 20 நிமிடம் அவியுங்கள்.
3) அவிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் இட்டு உடனே கோது நீக்கிப் பிரியுங்கள். அவித்த முட்டையை அப்படியே நெடுநேரம் வைத்தால் வெள்ளைக்கருவின் புரதம் மஞ்சள்கருவுக்குள் ஊறிவிடும்.
4) மஞ்சள்கருவின் வெளிப்புறத்தை மெல்லச் சுரண்டி நீக்கி, உள்ளே உள்ளதை எடுங்கள்.
5) சோறு, முருங்கையிலைச் சொதி, பருப்பு ஆகியவற்றோடு மசித்துக் கொடுங்கள்.

வெள்ளைக்கருவை வீட்டில் மற்றவர்கள் உண்ணலாம். வேறு அகப்பையும் கோப்பையும் பயன்படுத்துங்கள். முட்டை பொரித்த தாச்சியையும் எண்ணெயையும் ஒவ்வாமை உள்ளவரின் உணவுக்கு எடுக்க வேண்டாம்.

5. பச்சை முட்டை

பெரியபிள்ளையானவளுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பருக்குவது எங்கள் வழக்கம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு முட்டை மிகவும் வீரியமாக இருப்பது பச்சையாக இருக்கும்போதுதான். ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் பச்சை முட்டையால் வயிற்றோட்டக் கிருமி தொற்றலாம். சடங்கின் நல்ல நோக்கம், பிள்ளைக்குப் பலம் சேர்ப்பதே. ஒவ்வாமை உள்ளவளுக்கு நல்லெண்ணெயும் பனங்கட்டியும் சேர்த்த உளுத்தங்களி, மீன், கீரை கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முட்டையை அவித்துக் கொடுங்கள். பாட்டிமாருக்கும் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லுங்கள்.

6. மறைந்திருக்கும் முட்டை

கேக், வட்டிலப்பம், முட்டை ரொட்டி, கொத்து ரொட்டி, ரோல்ஸ், கட்லட், மேலே முட்டை பூசிய பணிஸ், சில பிஸ்கட், நூடில்ஸ், ஐஸ்கிறீம் ஆகியவற்றில் முட்டை இருக்கலாம். பெருநாளுக்கு அயல்வீட்டார் வட்டிலப்பம் தந்தால் அன்போடு வாங்கி மற்றவர்கள் உண்ணுங்கள். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை, பனங்காய்ப் பணியாரம் ஆகியவை முட்டை சேர்க்காமலே செய்யப்படுபவை. முன்பள்ளி, பாடசாலை ஆசிரியரிடமும் நேரிற் சென்று சொல்லிவையுங்கள்.

7. முட்டைக்குப் பதிலாக

ஒரு முட்டையில் உள்ள அளவு புரதம் ஏறத்தாழ 30 கிராம் மீனில் அல்லது 25 கிராம் காய்ந்த பருப்பில் கிடைக்கும். வாவி மீன், நெத்தலி, எருமைத் தயிர், பயறு, கௌபி, கடலை, சோயாமீற் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பருப்போடு கீரையும் தேசிப்புளியும் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலிற் சேரும். வீட்டு முட்டையை விற்று மீன் வாங்குவதும் நல்ல வழியே. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

8. மறக்கக்கூடாதவை

• முட்டை ஒவ்வாமைக்காகச் சின்னமுத்துத் தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். இப்பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பானது. ஊசி போடுமுன் ஒவ்வாமை பற்றிச் சொல்லுங்கள்.
• பிள்ளையின் கிளினிக் காட்டில் "முட்டை ஒவ்வாமை" என எழுதுவியுங்கள். இடம்பெயர்ந்தபோது காட் தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதிது கேளுங்கள்.
• பல பிள்ளைகளுக்கு வளர வளர இது மாறிவிடும். மீண்டும் எப்போது கொடுக்கலாம் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. எங்கள் கிராமத்திலிருந்து இரவு 10 மணிக்கு வைத்தியசாலைக்குப் போகும் வழி எது?
2. எங்கள் வீட்டுச் சமையலில் முட்டை மறைந்திருக்கும் உணவுகள் எவை?
3. இந்த வாரம் முட்டைக்குப் பதிலாக எங்களாற் கொடுக்கக்கூடிய மூன்று உணவுகள் எவை?